கள்ளி சொன்ன சாட்சி: நீலி கதையும் எங்கள் எல்லைப்புறத்து வீடுகளும்

காரோடு என்று சொன்னால் நம் சங்கத்து அன்பர்களில் பலருக்குத் தெரியாது. களியக்காவிளை என்றால் உடனே தலையசைப்பார்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் பாறசாலை. அதை ஒட்டிக் கடல் பக்கமாகக் கிடப்பது காரோடு. கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை எங்கள் ஊரில்தான் வந்து முடிகிறது. அதனால் இப்போது வரைபடத்திலாவது பெயர் இருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு சொந்தபந்தங்களின் நடுவே ஓடியது. மாமன் வீடு தமிழ்நாடு, சித்தப்பா வீடு கேரளம். ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. கொடுத்த பெண் அடிபட்டுத் திரும்பி வருவதும் அப்படியே.

இந்தக் கட்டுரையில் நான் பேச எடுத்துக்கொண்டது கணவன் மனைவியை அடிப்பதை எங்கள் கிராமங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதை. சமூகவியல் எனக்குத் தெரிந்த துறை அல்ல. நான் கதை வாசிக்கிறவன், வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவன். ஆகவே எங்கள் பக்கத்துக் கதைகளின் வழியாகவே இதற்குள் நுழைகிறேன். முதலில் நீலி.

எங்கள் ஊர் இசக்கியம்மன் கொடைக்கு நாஞ்சில் நாட்டுப் பக்கமிருந்து வில்லு வரும். நடுராத்திரிக்கு மேல் நீலி கதை. கதை இடத்துக்கு இடம் மாறும். பழையனூர் நீலி, பஞ்சவன்காட்டு நீலி, கள்ளியங்காட்டு நீலி என்று பெயரும் மாறும். எல்லாவற்றிலும் மாறாமல் நிற்கிற கூறுகள் சில உண்டு. ஒருவன் தன் மனைவியை அழைத்துக்கொண்டு காட்டு வழியே போகிறான். அவள் களைத்து அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவள் மேல் கிடக்கும் நகைக்காக அவளைக் கொன்றுவிட்டு அவன் போய்விடுகிறான். தென்திருவிதாங்கூர் வடிவங்களில் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். பார்த்து நின்றது ஒரு கள்ளிச்செடி. சாகும்போது அவள் அந்தக் கள்ளியைத்தான் சாட்சிக்கு அழைக்கிறாள். மறுபிறவியில் அவன் வணிகனாக வருகிறான், அவள் நீலி என்னும் பேயாக வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களிடம் போய், ‘இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டு ஓடுகிறார்’ என்று முறையிடுகிறாள். அவன் ‘இவள் பேய்’ என்று அலறுகிறான். பெரியவர்கள் குழந்தையைப் பார்க்கிறார்கள், பெண்ணின் கண்ணீரைப் பார்க்கிறார்கள். உனக்கு ஏதேனும் வந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விடிந்தபோது அவன் பிணம். வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள் என்பது பழையனூர் வழக்கு.

நீலி வெறும் ஊர்ப்புறத்துப் பேய்க்கதை அல்ல. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்ச்சி சுட்டப்படுவதாக உரைமரபு கூறும். ஆனால் அந்த நெடிய மரபில் இந்தக் கதை எதற்காக நினைக்கப்பட்டது? பழையனூர் வேளாளர் சொன்ன சொல் தவறாதவர் என்பதற்காக. கொலையுண்ட பெண் கதை தொடங்குவதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான். பள்ளியில் எங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயாவும் இதை வாய்மைக்கு எடுத்துக்காட்டாகவே சொன்னார்.

எனக்கு இந்த வாசிப்பில் உடன்பாடில்லை. நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் அந்தக் கதவு. பெரியவர்கள் தீயவர்கள் அல்லர். ஒரு பெண்ணின் அழுகையைக் கேட்டு இரங்கியவர்கள். இரங்கி அவர்கள் செய்தது என்ன? புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரே அறையில் விட்டுத் தாழ் போட்டார்கள். ‘பயமாயிருக்கிறது, இவளோடு என்னை விடாதீர்கள்’ என்று ஓர் உயிர் கெஞ்சுகிறது. ஊர் அதைக் குடும்பச் சண்டை என்று எடுத்துக்கொள்கிறது. சேர்த்து வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறது. இந்தக் கதையில் கெஞ்சியது ஆண். அதனால்தான் நமக்கு அது அதிர்ச்சியாக இருக்கிறது. பெண் கெஞ்சி, ஊர் தாழ் போட்டால் அது கதையே ஆகியிராது. அது அன்றாடம்.

இந்த அன்றாடத்தை நான் பார்த்திருக்கிறேன். என் பாட்டாவின் திண்ணை அதற்குப் பெயர் போன இடம். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் தகராறு என்றாலும் அங்கேதான் வந்து பேசுவார்கள். பாட்டா நல்ல மனுசர், யாரிடமும் ஒரு சக்கரம் வாங்காதவர். ஆனால் அங்கே கேட்ட பேச்சு இன்றும் காதில் இருக்கிறது. “ஒனக்க மாப்பிளதானே அடிச்சான், வேற எவனும் இல்லியே?” “அடிக்கிற கைதான் மக்களே அணைக்கும்.” “ரெண்டு பிள்ளையாச்சு, இனி எங்க போவா?” மாப்பிள்ளையை வரவழைத்துக் கட்டன்சாயா கொடுப்பார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு இனிமேல் குடிக்க மாட்டேன் என்பான். இருவரையும் சேர்த்துப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, “நல்லபடியா முடிஞ்சு” என்று பாட்டா சொல்வார். மனசாரச் சொல்வார்.

என் சொந்த மாமி, பாட்டாவின் கடைசி மகள், அந்தத் திண்ணைக்கு மூன்று முறை வந்தவள். மூன்று முறையும் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் முறை அவளுடைய பெட்டியைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சுமந்துகொண்டு போனவன் நான். எனக்கு அப்போது பதினாறு வயது. அவளுடைய இடது கை வீங்கியிருந்ததால் பெட்டியை அவளால் தூக்க முடியவில்லை. அதைப் பார்த்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீலி கதைக்குத் திரும்புவோம். உயிரோடு இருந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஒரு சபை கிடைக்கவில்லை. பேயான பிறகுதான் ஊர் அவள் சொல்லைக் கேட்டது. அதுவும் அவள் உண்மையைச் சொல்லவில்லை. ‘இவன் என்னைக் கொன்றான்’ என்று சொல்லியிருந்தால் யார் நம்புவார்? ‘இவர் என் புருஷன், என்னோடு வரச் சொல்லுங்கள்’ என்று சொன்னாள். ஊருக்குக் கேட்கத் தெரிந்த ஒரே மொழி அதுதான் என்று நீலிக்குத் தெரிந்திருக்கிறது. கதையைக் கட்டிய பெயர் தெரியாத அண்ணாவிகளின் கூர்மை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். வேளாளரின் வாய்மையைப் புகழ்வதுபோல் பாடிக்கொண்டே ஊர் நியாயத்தின் ஓட்டையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில், இக்கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று பிரித்துப் பார்க்கிறார். கொடையின் உச்சத்தில், சாமியாட்டம் வருகிற நேரத்தில், அநியாயமாய்க் கொலையுண்டவர்களின் கதையே முன்னுக்கு வரும். இது ஈண்டு நோக்கத்தக்கது. உயிரோடிருந்தபோது கொடுக்காத இடத்தைச் செத்த பிறகு பீடமாகக் கட்டிக் கொடுக்கிற வழக்கம் நம்முடையது. இசக்கியின் இடுப்பில் இருக்கும் பிள்ளையைப் பாருங்கள். அது அந்தக் கள்ளிக் குழந்தைதான்.

கோட்டைத் தாண்டி மலையாளக் கதைக்குள் போனதும் நீலியின் நிலை மாறிவிடுகிறது. அங்கே கள்ளியங்காட்டு நீலி சுண்ணாம்பு கேட்டு ஆளை மயக்கும் யட்சி. கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் மந்திரத்தால் அவளை அடக்கியதாகக் கதை. கொன்றவனை விட்டுவிட்டுக் கொலையுண்டவளை அடக்குவதில் அங்கே கவனம். 2025இல் ‘லோகா’ என்ற மலையாளப் படம் அதே நீலியைக் காக்கும் வீராங்கனையாக்கிப் பெரும் வெற்றி கண்டது. பிள்ளைகளோடு பார்த்தேன், நன்றாகவே எடுத்திருந்தார்கள். ஆனால் அந்த நீலிக்குப் புருஷன் இல்லை, மடியும் இல்லை, கல்லும் இல்லை.

இனி, நகை. அவன் ஏன் கொன்றான்? நகைக்காக. எங்கள் பக்கம் சீதனம் என்பது பெரும்பாலும் பொன்னும் பணமும். பொன் அவள் உடம்பில் கிடக்கும், ஆனால் அவளோடு நிற்காது. கழற்றி அடகு வைக்கலாம், விற்கலாம், கதையில் வருவதுபோல் காட்டில் வைத்துப் பறிக்கலாம். பறிக்க முடியாத ஒன்று உண்டு. அதைப் பற்றி நீலி கதை பேசுவதில்லை. பேசியவர் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை.

அவருடைய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ நகைச்சுவைக்காகவே பெரிதும் பாராட்டப்படுகிறது. பாட்டைச் சொல்பவள் யார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவனுக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்டவள் சொல்கிறாள். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அன்று சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போனது. ஆகவே மனைவியும் மக்களும் அந்த வீட்டில் இருந்தும் இல்லாதவர்கள். அவளுடைய துன்பத்துக்குக் கவிமணி அவள் தலையெழுத்தைக் காரணமாகச் சொல்லவில்லை, புருஷனின் குணத்தோடும் நிறுத்தவில்லை. சொத்துமுறையைக் காட்டுகிறார். இதுதான் அந்த நூலின் பெருமை. சிரிக்க வைத்தே ஒரு சட்டத்தை ஆட்டினார். 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அதற்குத் துணைநின்றவற்றில் இந்தப் பாட்டும் ஒன்று என்று சொல்லப்படுவது வழக்கம்.

ஆனால் மருமக்கள்வழி போய் மக்கள்வழி வந்ததும் மனைவிக்குச் சொத்து வந்துவிட்டதா? இல்லை. மருமகனிடமிருந்து மகனுக்குப் போயிற்று, அவ்வளவுதான். இது கவிமணியின் குறையன்று, காலத்தின் குறை.

நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968இல் வந்தது. இரணியல் செட்டிமார் குடும்பம் ஒன்றின் கதை. இளைஞன் திரவியின் கண் வழியே எல்லாம் சொல்லப்படுகிறது. அவன் அக்காள் நாகம்மையை அவள் புருஷன், இவள் பெண்ணே அல்ல, ‘இருசி’ என்று பழி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறான். கை ஓங்காமலே ஒரு பெண்ணை எப்படி அடித்து வீழ்த்தலாம் என்பதற்கு இதைவிடச் சான்று நம் நாவல்களில் குறைவு. ஒரே ஒரு சொல். அந்தச் சொல் தெருத் தெருவாகப் போகிறது. இந்நாவலின் வட்டார மொழியையும் சடங்கு விவரங்களையும் விமர்சகர்கள் போற்றியிருக்கிறார்கள், நியாயம்தான். எனக்குப் படுகிற குறை வேறு. நாவல் முழுவதும் தம்பியின் தவிப்பே நம்மை ஆள்கிறது. அக்காள் நாகு என்ன நினைக்கிறாள் என்பது மங்கலாகவே இருக்கிறது. அவள் பிறந்த வீட்டில் இருக்கிறாள், ஆனால் அது அவள் வீடல்ல, அப்பாவின் வீடு. அவளுக்காகப் பேசுகிறவர்கள் நல்லவர்கள், ஆனால் அவளிடம் கேட்டுவிட்டுப் பேசுகிறவர்கள் அல்லர். ஆசிரியர் இதை வேண்டுமென்றே செய்தாரா என்று தீர்மானமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் திண்ணைகளின் குணம் அந்த நாவலில் அச்சு அசலாக விழுந்திருக்கிறது.

கதைகளை விட்டுக் கணக்குக்கு வருகிறேன். 2001 வாக்கில் பிரதீப் பண்டா, பீனா அகர்வால் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் நடத்திய ஆய்வு 2005இல் வெளியாயிற்று. ஆய்வு நடந்தது எங்கோ அல்ல, எங்கள் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே. கிராமமும் நகரமுமாக, மணமான பெண்கள் 502 பேரிடம் கேட்டார்கள். ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் கணவனிடம் ஒரு முறையாவது அடிபட்டவர்கள். படிப்பில் இந்தியாவிலேயே முதலிடம் என்று நாம் மார்தட்டும் மாநிலம் இது. ஆய்வின் அரிய செய்தி அடுத்தது. தன் பேரில் நிலமும் வீடும் இல்லாத பெண்களில் அடிபட்டவர் 49 விழுக்காடு. நிலம் மட்டும் உள்ளவர்களில் 18. வீடு மட்டும் உள்ளவர்களில் 10. இரண்டும் உள்ளவர்களில் 7.

அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறியவர்களையும் அவர்கள் கணக்கெடுத்தார்கள். நெடுநாள் அடிபட்டவர்களில் சொத்துள்ளவர்கள் நூற்றுக்கு 71 பேர் வெளியேறினார்கள். சொத்தில்லாதவர்கள் 19 பேர்தான். போன பின்பு திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சொத்தில்லாதவர்களே. “இனி எங்க போவா?” என்று பாட்டா திண்ணையில் கேட்ட கேள்விக்கு இந்த எண்கள் விடை சொல்கின்றன.

பெண்ணுக்கு வேலை இருந்தால் போதாதா என்று நம்மில் பலர் கேட்கலாம். செவிலியராகவும் ஆசிரியையாகவும் மகளை வளர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நாம். அதே ஆய்வு வேறு செய்தியும் சொல்கிறது. கணவனைவிட மேலான வேலையில் மனைவி இருக்கும் வீடுகளில் அடிபடும் வாய்ப்புக் கூடுகிறது. சம்பளம் மாதாமாதம் வந்து கை மாறுவது. பொன்னும் அந்தச் சாதியே. வீடு நகராது.

எங்கள் பகுதிச் சட்ட வரலாற்றில் இதற்கு ஒரு விசித்திரமான அடிக்குறிப்பு உண்டு. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி, அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் என்றது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது, பலருக்கும் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு என்னும் வழக்கமுள்ள சில கிறிஸ்தவப் பிரிவினருக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று அதே சட்டம் விலக்களித்திருந்தது. விலக்கில் பெயர் சொல்லப்பட்ட ஐந்து தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அதாவது பெண்ணுக்குச் சமபங்கு கொடுத்த வீடுகள் எங்கள் பக்கத்தில் இருந்திருக்கின்றன. சமபங்கு மேல்நாட்டுச் சரக்கு என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

எங்கள் வட்டாரத்துக்குப் பெண்மானம் பற்றிப் பெருமையான நினைவு ஒன்றுண்டு. மேல்சீலைக்காக நாடார் பெண்கள் சந்தையிலும் தெருவிலும் அடிபட்டுப் போராடி, 1859இல் மன்னர் உத்தரவு பெற்றார்கள். ஆண்டுதோறும் அதைச் சொல்லிப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அந்நியன் தெருவில் கை வைத்தால் அது வரலாறு ஆகிறது. கெட்டினவன் அடுக்களையில் கை வைத்தால் அது குடும்ப விஷயம் ஆகிறது. ஒரே முதுகுதான்.

2022 அக்டோபரில் பாறசாலை இளைஞன் ஒருவன் தன் காதலி கொடுத்த கஷாயத்தில் கலந்திருந்த விஷத்தால் இறந்தான். கொடுத்த இடம் தமிழ்நாட்டுப் பக்கம், உயிர் போனது திருவனந்தபுரத்தில். எந்த மாநிலத்து வழக்கு என்றுகூட விவாதம் நடந்தது. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் அவளுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. கொடிய செயல், அதில் ஐயமில்லை. நான் அப்போது ஊரில் இருந்தேன். சாயாக்கடையில் ஒரு பெரியவர், “நீலி இப்பமும் இருக்கா பாத்தியளா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீலி முதலில் கொலையுண்டவள் என்று அங்கே யாருக்கும் நினைவு வரவில்லை. கொன்ற பெண்ணுக்கு நம்மிடம் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. நீலியைக் கொன்ற புருஷனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆயிரம் பேர் கொல்கிறார்கள், யாரையும் அந்தப் பெயர் சொல்லி நாம் அழைப்பதில்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், குறிப்பிட்ட ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றில் ஏதேனும் ஒன்றுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போனது, சரியாகச் சமைக்காதது, மாமனார் மாமியாரை மதிக்காதது என்று போகும் அந்தப் பட்டியல். நியாயம்தான் என்று சொன்ன பெண்கள் நாடு முழுவதும் 45 விழுக்காடு, கேரளத்தில் 52. கணவனால் கொடுமைக்கு ஆளானோம் என்று அதே ஆய்வில் சொன்னவர்கள் கேரளத்தில் பத்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, தமிழ்நாட்டில் 38. கேரளம் பரவாயில்லை என்று இதை வாசிக்கலாம். நான் அப்படி வாசிக்கத் தயங்குகிறேன். அடிப்பது நியாயம் என்று நினைக்கிறவள் அடி வாங்கினேன் என்று வந்தவரிடம் சொல்வாளா? 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவனோடு வாழ்ந்த வீட்டில் தங்கியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறது, அந்த வீடு யார் பேரில் இருந்தாலும் சரி. அந்தச் சட்டத்தில் என்னை மிகவும் தொட்ட பகுதி அது. ஆனால் திண்ணையில் அதை எடுத்துச் சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மாமியின் கதையை விட்டுவிட்டேன். நான்காம் முறை அவள் வந்தபோது திண்ணையில் பேச்சுத் தொடங்கும் முன் பாட்டி வெளியே வந்தாள். பாட்டி அந்தத் திண்ணையில் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. சிட்டி பிடித்த காசில் தன் பேரில் அவள் வாங்கிப் போட்டிருந்த ஆறு சென்ட் உண்டு. “நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போணும், இஷ்டதானம் எழுதணும்” என்று மட்டும் சொன்னாள். பாட்டா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மழைக்கு முன் ஓலைக்கூரையில் ஒரு அறையும் அடுக்களையும் எழும்பின. மாமா இரண்டு தடவை வந்து வேலிக்கு வெளியே நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவர் திருந்தவில்லை, குடியும் நிற்கவில்லை. வேலியைத் தாண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

சென்ற கொடைக்குப் போயிருந்தபோது, வில்லு தொடங்கும் முன் அண்ணாவியிடம், “நீலிக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்திருந்தால்?” என்று விளையாட்டாகக் கேட்டேன். “பின்ன கதை எப்பிடி சார் நடக்கும்?” என்று சிரித்துவிட்டு வீசுகோலை எடுத்துக்கொண்டார். மாமிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. நீலி கதை கேட்க வரவில்லையா என்று கூப்பிடப் போனேன். “மைக்குல நல்லா கேக்குவு மக்கா, நான் இங்கயே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, தன் வீட்டு நடையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.